திட்டு வாங்கிய அட்மின் என்ன செய்யலாம்? கேள்வி பதில்

இணையக் குழுக்களை மட்டுறுத்துபவர்கள் உறுப்பினர்களின் விமர்சனத்தை எப்படி எதிர்கொள்வது, போன நம்பிக்கையை எப்படி மீட்பது என்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். அட்மின்களும் எழுதியிருக்கிறார்கள், அட்மின்களால் நொந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஒருவரின் பதிவை விதிப்படிதான் நீக்கினோம். "அட்மின்கள் ஒருதலைப்பட்சம்" என்று அவர் தனிப் பதிவு போட்டார். அதையும் நீக்கினோம். இப்போது ஆளாளுக்கு அதையே எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் தூக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் நீக்கம் சரியாகவே இருந்திருக்கலாம். இரண்டாவதுதான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. உறுப்பினர்கள் செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் டிக் (Digg) தளத்தில் 2007 மே மாதம் இதுதான் நடந்தது. எச்டி டிவிடி படங்களை நகலெடுக்க விடாமல் போட்டிருந்த பூட்டைத் திறக்கும் குறியீடு ஒன்றை உறுப்பினர்கள் பகிர, வழக்குக்குப் பயந்து தளம் அந்தப் பதிவுகளை நீக்கியது. நீக்க நீக்க முதல் பக்கம் முழுக்க அந்தக் குறியீடாகவே நிறைந்தது. கடைசியில் நிறுவனரே "இனி நீக்க மாட்டோம்" என்று இறங்கி வந்தார். அங்கே சட்டக் காரணமாவது இருந்தது. உங்களிடம் அதுவும் இல்லை.

அந்த விமர்சனப் பதிவைத் திரும்பப் போடுங்கள். பேச்சு முழுவதும் அதன் கீழே நடக்கட்டும், மற்றவற்றைப் பூட்டி அங்கே வழிகாட்டுங்கள். முதல் பதிவு எந்த விதியால் போனது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். முழுப் பதில் எப்போது வரும் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்குள் கண்டிப்பாகப் பதில் போய்விட வேண்டும்.

கேள்வி: விமர்சனத்துக்கும் வசைக்கும் நடுவே கோடு எங்கே போடுவது?

பதில்: "நீங்கள் செய்தது அநியாயம், உங்களுக்கு அட்மின் ஆகும் தகுதி இல்லை" என்பது இருக்கட்டும். சுடுகிறது, ஆனால் உங்கள் வேலையைப் பற்றியது. மிரட்டல், வீட்டு முகவரி, குடும்பத்தை இழுப்பது இவையெல்லாம் வந்தால் உடனே நீக்குங்கள், ஏன் நீக்கினீர்கள் என்ற குறிப்போடு. இரண்டும் கலந்து வந்தால் வசையை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். ஒரு கெட்ட வார்த்தையைக் காரணம் காட்டி மொத்தப் புகாரையும் புதைப்பது பழைய தந்திரம், எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கோட்டை யார் போடுவது என்பதுதான் இன்னும் முக்கியம். திட்டு வாங்கியவர் போடவே கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு விதியே உண்டு: தான் ஒரு தரப்பாக இருக்கும் சண்டையில் நிர்வாகி தன் நிர்வாகக் கருவிகளைத் தொடக் கூடாது. இரண்டே அட்மின்கள் என்றால் மற்றவர் பார்க்கட்டும். ஒற்றை அட்மின் என்றால், எல்லோரும் மதிக்கும் ஓர் உறுப்பினரைப் பார்க்கச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால், ஓர் இரவு பொறுங்கள். அட்மின்கள் கெடுத்துக்கொண்ட பேரில் பெரும்பகுதி திட்டு வாங்கிய முதல் அரை மணி நேரத்தில் கெட்டது என்பது என் எண்ணம்.

கேள்வி: மேடம், பொதுவில் மன்னிப்புக் கேட்டோம். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம், இனி கவனமாக இருப்போம்" என்று எழுதினோம். யாரும் ஏற்கவில்லை. இன்னும் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

பதில்: நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அதில் எங்கே இருக்கிறது? எந்த முடிவு, யாரைப் பாதித்தது, எதைத் திருப்பிக் கொடுத்தீர்கள், நாளை எது மாறும்? இந்த நான்கும் இல்லாத மன்னிப்பைப் படிப்பவர், இது வாயை அடைக்க வந்தது என்றுதான் நினைப்பார்.

நன்றாக எழுதிய மன்னிப்பும் தனியாக நிற்காது. 2007 மே இறுதியில் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. புனைகதை பேசும் குழுக்களும், வன்முறையிலிருந்து மீண்டவர்களின் ஆதரவுக் குழுக்களும் அதில் மாட்டின. சில நாளிலேயே நிறுவனத் தலைவர் பெரிய தவறு செய்துவிட்டோம் என்று நேரடியாக ஒப்புக்கொண்டார், பல கணக்குகள் திரும்பின. அதுவரை சரி. ஆகஸ்டில் மறுபடி முன்னறிவிப்பே இல்லாத முடக்கம். இரண்டாவது முறை எழுந்த கோபத்துக்கு மே மாத மன்னிப்பு எந்தத் தடுப்பும் ஆகவில்லை. முடிவெடுக்கும் முறை மாறாமல் கேட்ட மன்னிப்பு அது.

கேள்வி: எங்கள் அட்மின் என் கருத்தை நீக்கவில்லை, "மென்மையாக்கி" திருத்திவிட்டார். நல்ல எண்ணம்தான் என்கிறார்.

பதில்: நீக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. திருத்துவது என்றால் நீங்கள் சொல்லாததை உங்கள் வாயில் போடுவது. 2016 நவம்பரில் ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மன், அங்கே ஒரு குழுவில் தன்னைத் திட்டிய கருத்துகளில் தன் பெயரை எடுத்துவிட்டு, அந்தக் குழுவை நடத்துபவர்களின் பெயர் வரும்படி மாற்றினார். பிடிபட்டதும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒருமுறை அப்படி நடந்தால், தளத்தில் இருக்கும் எந்த வரியும் உண்மையில் எழுதியவர் எழுதியதுதானா என்ற கேள்வி வந்துவிடுகிறது. உங்கள் அட்மினிடம் பழைய வாசகத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். திருத்த வரலாறு எல்லோருக்கும் தெரியும்படி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் நாலு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பதில் சொல்லணுமா?

பதில்: ஒரு விஷயத்துக்கு ஒருமுறை, முழுமையாக. அப்புறம் அந்தப் பதிலின் இணைப்பு போதும். ஆனால் அவர்களின் பதிவுக்கு யார் விருப்பம் போடுகிறார்கள் என்று ஒரு கண் வையுங்கள். வாயே திறக்காத நல்ல உறுப்பினர்கள் அங்கே இருந்தால் கணக்கு வேறு.

கேள்வி: ஒருவரைத் தடை செய்தோம். புகார் கொடுத்தவரைக் காப்பாற்ற வேண்டும், அதனால் காரணத்தை வெளியே சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் சர்வாதிகாரிகள் என்கிறார்கள். எப்படித்தான் சமாளிப்பது?

பதில்: இன்று வந்ததில் கடினமான கேள்வி இது. 2019 ஜூனில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஆங்கில விக்கிப்பீடியாவின் மூத்த நிர்வாகி ஒருவரை ஓராண்டு தடை செய்தது. புகார் விவரங்கள் ரகசியம் என்று சொன்னது. சமூகம் கொதித்தது, பல நிர்வாகிகள் தங்கள் அதிகாரத்தைத் துறந்தார்கள். எல்லாவற்றையும் போட்டு உடைத்தா தீர்த்தார்கள்? இல்லை. ஆவணங்கள், சில பகுதிகள் மறைக்கப்பட்டு, உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நடுவர் குழுவிடம் போயின. செப்டம்பரில் அந்தக் குழு தடையை நீக்கியது. ஆனால் நிர்வாகி அதிகாரத்தை அவருக்குத் திருப்பித் தரவில்லை. இரு தரப்பிலும் முணுமுணுப்பு இருந்தது, இருந்தாலும் தீ அடங்கியது.

ஆக, ஊருக்கே காட்ட முடியாததை ஊர் நம்பும் இரண்டு மூன்று பேருக்குக் காட்டலாம். அந்த மூவரை நீங்களே நியமித்தால் பயனில்லை, உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். "பார்த்தோம், ஆதாரம் போதுமானது" என்று அவர்கள் எழுதும் ஒரு வரிக்கு உங்கள் பத்துப் பத்தி விளக்கத்தைவிட எடை அதிகம். அவர்கள் "போதாது" என்று சொன்னால் முடிவை மாற்றவும் தயாராக இருக்க வேண்டும். அதற்கு மனம் இல்லை என்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

கேள்வி: முடிவெடுப்பது நிறுவனம், திட்டு வாங்குவது சம்பளம் இல்லாத நாங்கள்.

பதில்: எந்த முடிவு உங்களுடையது, எது மேலிடத்துடையது என்று எழுதி வையுங்கள். 2023 ஜூனில், நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் மட்டுறுத்துநர்கள் இதைத் தாண்டிப் போய் வேலைநிறுத்தமே செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்குவதில் நிறுவனம் கைகளைக் கட்டிவிட்டது, தங்களுக்குத் தனியாகச் சொன்னதும் பொதுவில் சொன்னதும் ஒன்றாக இல்லை என்பது அவர்கள் புகார். பேச்சுவார்த்தை முடிந்து ஆகஸ்டில் திரும்பினார்கள்.

கேள்வி: நம்பிக்கை திரும்ப எவ்வளவு காலம் ஆகும் அக்கா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: காலம் சொல்ல முடியாது. ஆரம்பம் சொல்கிறேன்: நீக்கும்போது காரணம் சொல்லுங்கள். ரெட்டிட்டின் 3.2 கோடி பதிவுகளை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், காரணம் சொல்லி நீக்கிய இடங்களில் பிற்பாடு நீக்கங்கள் குறைவாக இருந்தன. அடுத்தது மேல்முறையீடு, முதல் முடிவை எடுத்தவர் அல்லாத ஒருவரிடம். தண்டனை படிப்படியாக ஏறட்டும். பொதுவளங்களைக் கூட்டாகக் காத்த சமூகங்களை ஆராய்ந்து 2009-இல் நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற அமைப்புகளில் கண்ட பொதுக்கூறுகளில் இதுவும் ஒன்று. எடுத்த எடுப்பில் நிரந்தரத் தடை என்றால் மிச்சமிருப்பவர்களுக்குப் பயம்தான் வரும்.

மேல்முறையீட்டில் இதுவரை ஒரு முடிவுகூட மாறவில்லை என்றால் அது நாடகம், உறுப்பினர்களுக்கும் அது புரிந்திருக்கும். நம்பிக்கை திரும்புகிறதா என்று பார்க்க நான் நன்றிப் பதிவுகளை எண்ண மாட்டேன். வெளியே ஸ்க்ரீன்ஷாட் போட்டுப் புலம்பியவர்கள் உள்ளே வந்து நேராகப் புகார் எழுதத் தொடங்கினார்களா என்று பார்ப்பேன்.

கேள்வி: என்னைத் தவறாகத் தடை செய்ததாக ஒப்புக்கொண்டு திரும்ப அழைக்கிறார்கள். போகலாமா?

பதில்: மூன்று விஷயம் கேளுங்கள். தடை உங்கள் கணக்கின் பதிவேட்டில் தவறு என்று குறிக்கப்பட்டதா? உங்களைத் தடை செய்ததாக அறிவித்த அதே இடத்தில் திருத்தமும் வந்ததா? அடுத்த முறை உங்கள் முறையீட்டை யார் கேட்பார்? மூன்றுக்கும் பதில் வந்தால் போங்கள். தனிச்செய்தியில் "பழசை மறந்துடலாம்" என்று மட்டும் சொன்னால் நீங்கள் போக வேண்டிய கடன் எதுவும் இல்லை.