முதல் ரயில் வந்து நின்ற 'ஆற்காடு' எங்கே இருக்கிறது?

கேள்வி: தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆற்காட்டுக்குத்தான் ஓடியது என்று படித்ததிலிருந்து, அந்த ஸ்டேஷனைக் காட்டச் சொல்லி என் மகன் நச்சரிக்கிறான். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா? முழங்கால் வலியுள்ள என் அப்பாவும் வருகிறார்.

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ஆற்காட்டில் போய்த் தேடாதீர்கள். 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில் வந்து நின்றது இன்றைய வாலாஜா ரோடு ஸ்டேஷனில். ஆற்காடு பாலாற்றுக்குத் தென்கரை, தண்டவாளமோ வடகரை. 'ரோடு' என்று முடிந்தாலே, இறங்கிச் சாலைவழியே ஊருக்குப் போக வேண்டிய ஸ்டேஷன் என்று பொருள். வேலூருக்கும் இதே கதைதான். நீங்கள் காட்பாடியில் ரயில் பிடிக்கப் பாலாற்றைத் தாண்டுகிறீர்களே, அதைப் பையனிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வான்.

ராயபுரம்போல உயர்ந்த தூண்கள் நிற்கும் கட்டடம் இங்கே இல்லை. இதையும் முன்பே சொல்லிவிடுங்கள், பிள்ளை ஏமாறக் கூடாது. நான் குழந்தைகளுக்கு முதலில் காட்டுவது மஞ்சள் பெயர்ப்பலகையைத்தான். அதன் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். காட்பாடியிலேயே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாலாஜா ரோட்டில் அது குறைந்திருக்கும். கடலோரத்திலிருந்து மேட்டை நோக்கி வந்த பாதை இது என்பது அவனுக்கே விளங்கும்.

சரி, பயணம். பல எக்ஸ்பிரஸ்கள் வாலாஜா ரோட்டில் நிற்பதில்லை. அன்று எந்த ரயில் நிற்கிறது என்று 139 என்ற ரயில்வே விசாரணை எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முன்பதிவில்லாத டிக்கெட் போதும், ஆனால் வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் புறப்பட்டாக வேண்டும். அந்த டிக்கெட்டோடு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறாதீர்கள்.

அப்பாவுக்கு நடைமேம்பாலத்தில் படியேறும் வேலை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறட்டும். வலிக்குப் பயந்து தண்டவாளத்தில் இறங்கிக் கடக்க மட்டும் விட்டுவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து, அதோடு 1000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

திரும்பும்போது ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆட்டோவில் ராணிப்பேட்டை முத்துக்கடை, அங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் ஆற்காடு. ஆற்றங்கரையில் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட்டைப் பார்த்துவிட்டு, ஊரின் பேர்பெற்ற இனிப்பான மக்கன் பேடாவும் வாங்கிக்கொண்டு, வேலூர் பஸ்ஸில் ஏறிவிடலாம்.