வாசகர் கேள்வி-பதில்: படகில் குளிர்காலம்

கே: இங்கிலாந்தின் தென்கரையில் 38 அடி கேட்டமரானில், அதாவது இரண்டு ஹல்கள் (படகுடல்கள்) இணைந்த படகில், குடியிருக்கிறோம். 4 கிலோவாட் டீசல் ஹீட்டர், வெப்பக்காற்று ஊதும் வகை. காலையில் இரண்டு முறை முயன்றுவிட்டு எரர் காட்டி நின்றுவிடுகிறது. படகுத்துறையிலிருந்து வரும் கரை மின்சாரம் இணைத்தால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஹீட்டரை மாற்ற வேண்டியதுதானா?

ப: வேண்டாம். கரை மின்சாரத்தில் ஓடுகிறது என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். சார்ஜர் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்ட், விடியற்காலையில் சார்ஜர் இல்லாமல் 12 இருந்தால் அதிகம். பற்றவைக்கும் க்ளோ பிளக் முதல் ஓரிரு நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். எரியத் தொடங்கிவிட்டால் 1 முதல் 3 ஆம்பியர் போதும். சிக்கல் அந்த ஓரிரு நிமிடத்தில்தான்.

பேட்டரியிலிருந்து ஹீட்டர் 5 மீட்டர் என்றால், போக வர ஒயர் 10 மீட்டர். 2.5 ச.மி.மீ. ஒயரில் 10 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் போய்விடும். பச்சை பூத்த ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு), தளர்ந்த ஃபியூஸ் ஹோல்டர் சேர்ந்தால் இன்னும் அரை வோல்ட். 10.5 வோல்ட் பக்கம் வந்தால் ஹீட்டர் தன்னைப் பூட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரை ஹீட்டரின் பிளக்கிலேயே வைத்து, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் நல்ல வோல்டேஜ் காட்டி ஏமாற்றும்.

ஈயம் பூசிய 6 ச.மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்கு இறங்கும். ஃபியூஸ் மட்டும் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே இருக்கட்டும். இன்னொன்று: ஹீட்டரை நிறுத்தியதும் மெயின் ஸ்விட்சை அணைக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஃபேன் ஓடித்தான் உள்ளே ஆறும்.

பிளக்கில் 11.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் வெள்ளைப் புகை விட்டு நின்றால், கரி படிந்திருக்கலாம். நாள் முழுக்கச் சிறு தணலில் ஓட்டுவதன் விளைவு அது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள்.

கே: பழைய லீட் பேட்டரிகளுக்குப் பதில் 400 ஆம்பியர்-மணி லித்தியம் போட்டால், இரவெல்லாம் எலக்ட்ரிக் ஹீட்டர் ஓட்டலாம் என்கிறார்கள். உண்மையா?

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 × 12.8 = 5.1 கிலோவாட்-மணி. 1.5 கிலோவாட் ஹீட்டருக்கு மூன்றரை மணி நேரம்கூட வராது. டிசம்பர் வெயிலை நம்பி அதை மீண்டும் நிரப்பவும் முடியாது. அதே ஹீட்டர் பத்து மணி நேரத்தில் தரும் சூட்டை டீசல் ஹீட்டர் ஏறக்குறைய இரண்டு லிட்டரில் தந்துவிடும். எலக்ட்ரிக் ஹீட்டர் கரை மின்சாரம் உள்ளபோது மட்டும்.

விளக்கு, ஃப்ரிட்ஜ், பம்புகளுக்காக லித்தியம் போடுவது நல்லதுதான். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போய்விடும்: லித்தியம் கொடுப்பதையெல்லாம் விழுங்கும், ஆல்டர்னேட்டர் சூடாகி எரியும். லித்தியம் பேட்டரியைக் காக்கும் மின்னணு அமைப்பான பி.எம்.எஸ். நடுவில் சட்டென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி டயோடுகள் பொசுங்கும். ஆல்டர்னேட்டரை எஞ்சின் பேட்டரியோடு விட்டுவிட்டு, அதற்கும் லித்தியத்துக்கும் நடுவே, ஓட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள். பேட்டரி முனைக்கு அருகிலேயே கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ். ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் தள்ளும், சாதாரண ஃபியூஸ் அதைத் துண்டிக்கத் திணறும். பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றவே கூடாது.

கே: இடது ஹல்லில் வியர்க்கிறது, வலது ஹல்லில் நடுங்குகிறோம். கேஸ் ஹீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளலாமா?

ப: புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வந்து, மெத்தைக்கு அடியில் படியும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வேறு. ஒரு ஹல்லிலிருந்து மறு ஹல்லுக்கு, இரண்டையும் இணைக்கும் பாலத்தளம் வழியே நீளும் குழாயில் சூடு வழியிலேயே தீர்ந்துபோகிறது. கட்டுமரத்தின் பேரில் அலையும் இந்தப் படகுக்கு ஹல்லுக்கு ஒன்றாக இரண்டு 2 கிலோவாட் ஹீட்டர்களே பொருத்தம். படுக்கும் அறை ஒவ்வொன்றிலும் படகுகளுக்கான இ.என். 50291-2 தர முத்திரையுள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிய பிறகே அவற்றைப் பற்றவையுங்கள்.