வராதவர்களை யார் எண்ணுவது?

கிராம சுகாதாரச் சேவையின் திறனை எப்படி அளப்பது என்று இந்த மாதம் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். செவிலியராகவும் பிறகு மேற்பார்வையாளராகவும் 27 வருடம் வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் சுகாதார நிலையத்துக்கு மாதம் 2,000 பேர் வருகிறார்கள். பக்கத்து நிலையத்துக்கு 900 பேர்தான். ஊழியர் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. எங்களுடையதுதான் திறமையானது, சரிதானே?

ஊழியருக்கு இத்தனை பேர் என்று வகுத்தால் உங்கள் நிலையம்தான் முன்னால் நிற்கும். ஆனால் அந்த 2,000 என்பது ஆட்களா, வருகைகளா? சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு 30 நாள் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் மாதத்தில் ஒரு தடவை வருவார். வாரத்துக்கு மட்டும் கொடுத்தால் நான்கு தடவை வருவார். பதிவேட்டில் வேலை நான்கு மடங்காகத் தெரியும். அந்த மனிதருக்கோ மேற்கொண்டு மூன்று நாள் கூலி போகும்.

மாத்திரைத் தட்டுப்பாடு வந்த மாதங்களில் எங்கள் புறநோயாளி எண்ணிக்கை ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். ஆய்வுக் கூட்டத்தில் அதற்குக் கைதட்டல் கிடைத்தது. எழுந்து நின்று காரணத்தைச் சொல்லாமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

வந்தவர்களை எண்ணுவது சுலபம். உங்கள் பகுதியில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உத்தேசமாக எத்தனை பேர், அதில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தீர்கள், எத்தனை பேர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இறங்கியிருக்கிறது? இந்தக் கடைசி எண்ணைச் செலவோடும் ஊழியர்களின் நேரத்தோடும் வைத்துப் பாருங்கள். அப்புறம் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிடலாம். வேல்ஸில் கிளின்காரக் என்ற சுரங்கக் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், தேடி வந்தவர்களோடு நிறுத்தாமல் தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பதென்று இறங்கினார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் அவரே. அந்த 900 பேர் யார் யார் என்று தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவி நான். சுகாதார நிலையங்களை டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ் முறையில் ஒப்பிடப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

மற்ற வாசகர்களுக்காக: ஃபாரெல் 1957-ல் போட்ட அடித்தளத்தின் மேல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-ல் கட்டிய முறை இது. மருத்துவர், செவிலியர், படுக்கை, மருந்துச் செலவு ஒரு பக்கம்; பிரசவம், தடுப்பூசி, சிகிச்சை மறு பக்கம். இருப்பதை வைத்து அதிகம் செய்த நிலையத்துக்கு 1 என்ற மதிப்பெண் கிடைக்கும், மற்றவை அதற்குக் கீழே.

அந்த 1 என்பது உங்கள் பட்டியலுக்குள் முதலிடம், அவ்வளவுதான். பட்டியலில் எல்லா நிலையமும் சுமாராக நடந்தாலும் யாருக்காவது 1 கிடைத்தே தீரும். 12 நிலையங்களை எடுத்துக்கொண்டு 9 காரணிகளைப் போட்டால் ஏறக்குறைய எல்லோருமே 1 வாங்கிவிடுவார்கள். அப்புறம், ஆறு வீட்டுக்காக இரண்டு மணி நேரம் மலையேறும் செவிலியரையும் ஒரே தெருவில் அறுபது வீடு பார்ப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். நிலப்பரப்பு வாரியாகப் பிரித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: நான் செவிலியர். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிக் குப்பியில் 10 டோஸ். சிற்றூருக்குப் போனால் மூன்று குழந்தைகள்தான் இருக்கும். திறந்தால் 7 டோஸ் வீண், மேலிடத்தில் கணக்குக் கேட்கிறார்கள். அடுத்த முறை வரச் சொல்லலாமா?

வேண்டாம் தங்கச்சி. திறந்து போடுங்கள். பி.சி.ஜி.யும் தட்டம்மை ஊசியும் தூளாக வருகின்றன. கரைத்துவிட்டால் அதிகபட்சம் 6 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சியதைக் கொட்டத்தான் வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் தட்டம்மைக் குப்பியைத் திறங்கள் என்பதும் அவர்கள் வழிகாட்டல்தான்.

நானும் ஒரு காலத்தில் வீணான டோஸ்களைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியவள். அதற்குப் பயந்து ஒரு செவிலியர், ஒன்பது மாதக் குழந்தையோடு ஓடையைக் கடந்து வந்த அம்மாவை, இன்னும் நாலு குழந்தை சேரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மா மறுபடி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் குடியிருப்பில் தட்டம்மை வந்தது. குழந்தை பிழைத்தது, ஆனால் கண் வீங்கி, பால் குடிக்க முடியாமல் கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். அந்த மாத அறிக்கையில் வீணடிப்பு சதவீதம் குறைந்திருந்தது.

கணக்குக் கேட்பவரிடம் இன்னொரு கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் டோஸ் 40 குழந்தைகளுக்குப் போட்டு, மூன்றாவது டோஸ் 31 குழந்தைகளுக்குத்தான் போட்டீர்கள் என்றால் 9 பேர் நழுவியிருக்கிறார்கள். 22.5 சதவீதம். 10-ஐத் தாண்டினாலே எங்கோ கோளாறு என்று அர்த்தம். அந்த ஒன்பது பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பதிவேட்டில் இருப்பதை எப்படி நம்புவது?

ரத்த அழுத்தப் பதிவுகளில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகப் போகும். ஒழுங்காக அளந்திருந்தால் ஐந்தில் ஒன்றுதான் 0-வில் முடியும். டிஜிட்டல் கருவியில் பத்தில் ஒன்று. ஒரு முறை நான் எடுத்துப் பார்த்த பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை 120/80, 130/80, 120/80 என்றே இருந்தது. எழுத்து அழகான எழுத்து, ஒரு அடித்தல்கூட இல்லை. உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டேன். கையில் சுற்றும் பட்டை ஒட்டாமல் போய் ஐந்து மாதம் ஆகிறது, மாற்றுக் கேட்டு மூன்று கடிதம் எழுதியும் வரவில்லை என்று அழுதார். 11 பதிவேடு நிரப்ப வேண்டியவர் அவர். அளக்கக் கருவி கொடுக்காமல் அளவை மட்டும் கேட்டது நாங்கள்தான்.

கேள்வி: புள்ளிவிவரம் படிக்காத எங்களைப் போன்றவர்கள் எதையாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். தொழிற்சாலைகளில் சரக்கின் தரம் பார்க்கப் பயன்பட்ட முறை ஒன்று சுகாதாரத்துக்கும் வந்திருக்கிறது. ஒரு செவிலியரின் பகுதியில் குலுக்கல் முறையில் 19 பேரைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, ஒரு வயது தாண்டிய குழந்தைகள். 80 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும் என்பது இலக்கானால், 19-ல் 13 பேருக்காவது முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் குறைந்தால் அந்தப் பகுதிக்கு உடனே கவனம் தேவை. சரியாக எத்தனை சதவீதம் என்று இதில் தெரியாது, எங்கே முதலில் ஓட வேண்டும் என்று தெரியும்.

சாலையோர வீடுகளாகப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளாமல், இன்னொரு நாள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போங்கள்.