பைன் காட்டில் பொந்து தேடும் மரங்கொத்தி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், பைன் காட்டுச் சரணாலயங்களில் வன ஊழியர்களே தீ வைக்கிறார்களாமே? பறவையைக் காப்பாற்றவா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆமாம், பைன் மரத்தில் பொந்து குடைந்து வாழும் ரெட் காக்கடெட் மரங்கொத்திக்காகத்தான். அங்கே உள்ள லாங்லீஃப் பைன் காடு தீயோடு பழகிய காடு. மின்னலில் பிடிக்கும் தீ தரையோடு ஓடிப் புல்லையும் புதரையும் எரித்துவிட்டுப் போகும். பட்டை தடித்த பைன் அப்படியே நிற்கும். கன்றுகூடத் தப்பிவிடும்; முதல் சில வருடங்கள் அது உயராமல் புல்குத்து மாதிரி உட்கார்ந்திருக்கும், நடுக்குருத்தை நீண்ட ஊசியிலைகள் மூடியிருக்கும்.

தீயை நிறுத்தினால் ஓக் மரங்கள் இடையில் எழும்பிப் பொந்து உயரத்தைத் தொட்டுவிடும். அதோடு இந்த மரங்கொத்தி அந்த இடத்தைக் காலி செய்யும். ஆகவே 2, 3 வருடத்துக்கு ஒருமுறை தீ வைக்கிறார்கள்.

தீ வைக்கும் முன் பொந்து மரத்தைச் சுற்றி 3 மீட்டருக்குச் சருகை வாரிவிட வேண்டும். அடிமரம் முழுக்கப் பிசின் வழிந்திருப்பதால் தீ நாக்கு பட்டதும் பொந்து வரை ஏறிவிடும். பல வருடம் எரியாத காட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மரத்தடியில் மக்கிய சருகு தடிமனாகச் சேர்ந்திருக்கும். அது காய்ந்த நிலையில் பற்றினால் நாள்கணக்கில் கனன்று, மேலாக ஓடும் மெல்லிய வேர்களை வேகவைத்துவிடும். தீ வைத்த அன்று மரம் நன்றாகத்தான் தெரியும், பிறகுதான் பட்டுப்போகும். அதனால் முதல் தீயை அடிச்சருகு ஈரமாக இருக்கும்போதே வைப்பார்கள்.

கேள்வி: காடு நிறைய மரம் இருக்கும்போது இந்தப் பறவைக்கு மட்டும் ஏன் வீட்டுப் பஞ்சம்?
- வாசகி, மதுரை

பதில்: மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தைக் குடையும். இது உயிருள்ள பைனில் மட்டுமே குடையும். மரத்தின் வெளிறு, அதாவது பட்டைக்கு உள்ளே இருக்கும் இளங்கட்டை, முழுக்கப் பிசின். அதைத் துளைத்து, பிசின் ஊறாத வைரத்துக்குள் (முதிர்ந்த நடுக்கட்டைக்குள்) அறை அமைக்க வேண்டும். வைரம் போதிய அகலம் பாய, லாங்லீஃப் பைனுக்கு 80, 100 வயதாவது ஆக வேண்டும். உள்ளே ஒருவகைப் பூஞ்சை பிடித்து வைரம் இளகியிருந்தால் வேலை சுலபம். அப்படியும் ஒரு பொந்து முடியப் பல வருடங்கள் பிடிக்கும். பாதியில் பிசின் ஊறினால் பறவை வேலையை நிறுத்திவிடும்.

குடும்பத்தில் ஒவ்வொரு பறவைக்கும் தூங்கத் தனிப் பொந்து வேண்டும். பொந்து வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும். பிசின் வழிந்து, மரம் உருகிய மெழுகுவத்தி போலத் தெரியும். முட்டை தேடி ஏறும் சாரைவகைப் பாம்பின் செதில்களில் அந்தப் பிசின் ஒட்டி, ஏற முடியாமல் போகும். இவ்வளவு உழைத்துக் கட்டிய வீட்டைப் பறக்கும் அணில் பிடித்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி: மரம் முதிரும் வரை காத்திருக்க முடியாதே, வழி?
- வாசகர், ஈரோடு

பதில்: செயற்கைப் பொந்து. 1989-இல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. அதன் பிறகுதான் இந்த முறை பரவியது.

பொந்து அமையும் உயரத்தில் மரத்தின் குறுக்களவு 38 செ.மீ.யாவது இருக்க வேண்டும். சங்கிலி ரம்பத்தால் செவ்வகக் குழி வெட்டி, சுமார் 10 செ.மீ. அகலம், 25 உயரம், 15 ஆழமுள்ள சிடார் மரப்பெட்டியைச் செருகுவார்கள். வாய் 4.5 செ.மீ.க்குள். விளிம்பை மரப்புட்டியால் இடைவெளியின்றி அடைப்பது முக்கியம். இல்லாவிட்டால் உள்ளே பிசின் கசிந்து பறவை ஒட்டிக்கொண்டு சாகும். செருகிய பிறகும் ஏறிப் பார்த்துக் கசிவில்லை என்று உறுதிசெய்த பின்பே வாயைத் திறந்துவிட வேண்டும். பெரிய மரங்கொத்திகள் வாயை அகலமாக்காமலிருக்க உலோகத் தகடு பொருத்துவார்கள். ஒரு குடும்பத்துக்கு நான்கு நல்ல பொந்துகள் என்பது கணக்கு. 1970-இல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்த பறவை, 2024-இல் ஆபத்து ஒருபடி குறைந்து, 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்ற நிலைக்கு வந்தது.

கேள்வி: கொடைக்கானல் பைன் காட்டுக்கும் இது பொருந்துமா?
- மாணவி, தேனி

பதில்: பொருந்தாது. அந்த பைன்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான பைனே கிடையாது. நெட்டைக்காலி போன்ற மலைப்புல்வெளிப் பறவைகளின் இடத்தைத்தான் அவை பிடித்திருக்கின்றன. நம் மலைகளில் பரவியுள்ள மெக்சிகோ பட்டுலா பைனின் காய்கள் சூடு பட்டால் வெடித்து விதையைக் கொட்டும். அங்கே தீ வைத்தால் பைன்தான் பெருகும்.