1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ இன்றும் சலிக்காதது ஏன்?

இந்தப் படம் இன்றும் சலிக்கவில்லை என்பதைப் பழைய படம் என்ற பாசத்தில் சொல்கிறோமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறுபடி பாருங்கள். பேயும் இல்லை, தனி செட்டும் இல்லை. நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிக் கதை சொல்கிறார்; நாம் சிரிப்பது பெரும்பாலும் பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான். பதில் வசனம் அதிகம் இல்லாமல், கண்ணும் தாடையும் மட்டும் மெல்ல மெல்லக் கலவரமாகும். கேட்பவர் உண்மையாகப் பயந்தால்தான் சொல்பவர் சொல்வது எடுபடும் என்பதை இயக்குநர் ஸ்ரீதரும் அவரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபுவும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து அரசியலையோ செய்தியையோ நம்பிய நகைச்சுவை இல்லை என்பதால் அது பழசாகவும் இல்லை.

அப்புறம், படத்தில் வில்லனே கிடையாது. பணக்காரச் சம்பந்தத்துக்கு ஆசைப்படும் அப்பா பாலையாவும், அவரை ஏமாற்ற முத்துராமன் போடும் கிழவர் வேஷமும் போதும், கதை ஓடிவிடுகிறது. கண்ணீர்ப் படங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஸ்ரீதரே அழவைப்பதில் கெட்டிக்காரர்! புதுமுகம் ரவிச்சந்திரன், ஈஸ்ட்மன் கலர், விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டு எல்லாம் சேர்ந்து அன்று புதுசாக இருந்தன.

குறையே இல்லையா? காதலுக்காகப் பெண்ணைச் சுற்றித் திரியும் சில காட்சிகள் இன்று கொஞ்சம் உறுத்தும். ஆனால் அடுத்த நிமிடம் நாகேஷ் தன் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ சினிமா கம்பெனியோடு வந்து சிரிக்க வைத்துவிடுவார்.