போல்சானோ படிவத்தில் தமிழருக்கு எந்தக் கட்டம்?

கேள்வி: வட இத்தாலியின் போல்சானோ நகரில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். இத்தாலியக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. அரசு மருத்துவமனைச் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்க, நான் ஜெர்மன், இத்தாலியம், லதீன் (லத்தீன் அல்ல, இப்பகுதியின் சிறு மலைமொழி) ஆகிய எந்த மொழிக் குழுவைச் சேர்ந்தவள் என்ற சான்று கேட்கிறார்கள். வீட்டில் தமிழ், வேலையில் இத்தாலியம், மகன் படிப்பது ஜெர்மன் பள்ளியில். எதை எழுதினாலும் பொய்யாகிவிடாதா?

பதில்: ஆகாது. அந்தப் படிவம் உங்கள் பூர்வீகத்தை விசாரிக்கவில்லை. அரசு வேலைகளை மொழிக் குழுக்களுக்குப் பங்கிடும்போது எந்தப் பங்கில் உங்களை எண்ணுவது என்றுதான் கேட்கிறது. முகத்தையோ பெயரையோ பார்த்து யாரும் அதை மறுக்க முடியாது. நீங்கள் சொல்வதே முடிவு. மகனின் பள்ளியும் இதைக் கட்டுப்படுத்தாது.

'மற்றவர்' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதைத் தேர்ந்தால், மூன்றில் எந்தக் குழுவோடு இணைகிறீர்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். வேலை ஒதுக்கீட்டில் இதற்கும் முழு மதிப்பு. நானாக இருந்தால் 'மற்றவர், இத்தாலியக் குழுவோடு' என்று எழுதுவேன். மனசாட்சியும் உறுத்தாது, விண்ணப்பமும் நிற்காது. எந்தப் பங்கில் இடம் அதிகம் என்று பார்த்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள், அது குற்றமில்லை. ஆனால் பிறகு மாற்ற நினைத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த விசித்திரம் எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போர் வரை, போல்சானோ அடங்கிய தென் டிரோல் மாகாணம் ஆஸ்திரியாவோடு இருந்தது. 1919 உடன்படிக்கை அதை இத்தாலிக்குக் கொடுத்தது. முசோலினி ஆட்சி ஜெர்மன் பள்ளிகளை மூடியது, ஊர்ப்பெயர்களை இத்தாலியமாக்கியது. ஸ்டெர்சிங் என்ற ஊர் விபிதேனோ ஆனது. இன்றும் பெயர்ப்பலகையில் இரண்டும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வீடுகளில் ஒளித்து ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார்கள். 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் சேர்ந்து, 'ஜெர்மானியராக இருக்க வேண்டுமானால் ஊரைவிட்டுப் போ, ஊர் வேண்டுமானால் இத்தாலியராக மாறு' என்றார்கள். ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி பகையானார்கள். அந்தக் காயத்துக்குக் கட்டிய மருந்துதான் 1972 தன்னாட்சிச் சட்டத்தில் வந்த விகிதப் பங்கீடு: குழுவின் அளவுக்கேற்ப அரசு வேலை. 2024 கணக்கெடுப்பில் மாகாணம் முழுவதும் ஜெர்மன் 68.6%, இத்தாலியம் 27.0%, லதீன் 4.4%. போல்சானோ நகரில் மட்டும் இத்தாலியம் பேசுவோரே பெரும்பான்மை.

மருந்து கசக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. பசுமைக் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் லாங்கர், மனிதரைக் கூண்டு கூண்டாகப் பிரிக்கும் வேலை இது என்று மொழிக் குழு அறிவிப்புத் தர மறுத்தார். அதனால் 1995-இல் போல்சானோ மேயர் தேர்தலில் நிற்க அவரை விடவில்லை. கொள்கைக்காகக் கட்டத்தை வெற்றாக விடுவது கௌரவமானதுதான், ஆனால் அதற்கு விலை உண்டு. உங்களுக்கு இப்போது வேலை வேண்டும்.

உண்மையான தடை வேறு: இத்தாலியம், ஜெர்மன் இரண்டிலும் நடக்கும் இருமொழித் தேர்வு. அதை எந்தக் கட்டமும் தள்ளுபடி செய்யாது. தேர்வுக்குப் புத்தக ஜெர்மன் போதும். ஆனால் மருத்துவமனைக்கு வரும் பள்ளத்தாக்குக் கிராமத்துப் பாட்டி வலி எங்கே என்று சொல்வது ஜெர்மனின் டிரோல் பேச்சுவழக்கில். எழுத்துத் தமிழை மட்டும் படித்துவிட்டு நாகர்கோவில் சந்தைக்குப் போனவரின் நிலைதான். மகனின் நண்பர்களோடு இப்போதே பேசிப் பழகுங்கள்.

அறிவிப்பை மூடிய உறையில் போல்சானோ நீதிமன்றத்தில் கொடுத்துச் சான்று பெறலாம். விண்ணப்பத்தோடும் அந்தச் சான்றை உறை பிரிக்காமலே இணையுங்கள்.