காப்பி இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள்: நிறம் மாறினால் போதுமா?

கேள்வி: சேலத்தில் முதுகலை உயிர்தொழில்நுட்பவியல் படிக்கிறேன். புண்ணுக்குக் கட்டும் துணியில் பூசுவதற்காக, ஏற்காட்டுக் காப்பி இலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரித்தேன். ஒரு மணி நேரத்தில் கரைசல் பழுப்பானது. இரண்டு நாளில் அடியில் கறுப்பாக மண்டி படிந்துவிட்டது. ஆனாலும் பாக்டீரியா தட்டில் தடை வளையம் (பாக்டீரியா வளராத வெற்று வட்டம்) நன்றாக வந்தது. வேதி முறைக்கு மாறலாமா? செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை உண்டு. அந்த வெள்ளியைக் கரைத்து வெள்ளி நைட்ரேட் செய்துகொள்ளலாமா?

பதில்: பட்டறை வெள்ளி வேண்டவே வேண்டாம். கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். பற்றவைக்கும் பொடியால் துத்தநாகம் போன்றவையும் சேரும். நைட்ரிக் அமிலத்தில் அவையும் கூடவே கரைந்துவிடும். அப்போது கிளம்பும் செம்பழுப்புப் புகை நுரையீரலைத் தாக்கும். மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். ஆய்வகத் தர வெள்ளி நைட்ரேட்டையே வாங்குங்கள். 1 மில்லிமோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 0.17 கிராம்தான் தேவை.

இனி இலைக்கு வருவோம். காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அதிலுள்ள செம்பும் பாக்டீரியாவைக் கொல்லும். ஆகவே எப்போது மருந்து தெளித்தார்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தெளிக்காத செடியிலிருந்து இலை பறியுங்கள். ஒரே தோட்டம், ஒரே முதிர்ச்சியுள்ள இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையிலுள்ள பாலிபீனால் என்ற வேதிப்பொருள்களே வெள்ளி அயனியை ஒடுக்குகின்றன, அதாவது எலக்ட்ரான் கொடுத்து வெள்ளி உலோகமாக்குகின்றன. அவற்றின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். இலைச்சாற்று முறையின் பெரிய பலவீனம் இதுதான்.

கறுப்பு மண்டிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருக்கலாம். அல்லது குழாய் நீரிலும் இலையிலும் உள்ள குளோரைடு, வெள்ளி குளோரைடாகப் படிந்து ஒளி பட்டுக் கறுத்திருக்கலாம். வாலைவடிநீரையே பயன்படுத்துங்கள், குடுவையை நைட்ரிக் அமிலத்தால் கழுவுங்கள். நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் கலந்த இராஜ திராவகம் தங்கத் துகள் செய்த குடுவையைக் கழுவச் சரி. வெள்ளிக்கு அது குளோரைடைத்தான் உண்டாக்கும்.

பழுப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பாலிபீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் பழுப்பாகும். காரத்தன்மை கூடினால் வெள்ளி ஆக்சைடும் பழுப்பாகத்தான் படியும். வெறும் சாற்றின் அளவைக் கழித்துவிட்டு, நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒளி உறிஞ்சல் முகடு வருகிறதா என்று பாருங்கள். உருவத்தையும் அளவையும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உறுதி செய்யுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது தடை வளையத்தைப் பற்றித்தான். ஒடுங்காமல் எஞ்சிய வெள்ளி அயனி ஒன்றே அந்த வளையத்தை உண்டாக்கிவிடும். துகள்களை மைய விலக்கியில் சுழற்றி, மேல்நீரை அகற்றி, வாலைவடிநீரில் பலமுறை கழுவுங்கள். பிறகு ஒரே தட்டில் கழுவிய துகள், கடைசியாகக் கழுவிய நீர், வெறும் சாறு, வெள்ளி நைட்ரேட் ஆகிய நான்கையும் வையுங்கள். கழுவிய நீரே வளையம் தருமானால் உங்கள் முடிவு துகளைப் பற்றியது அல்ல. இந்த ஒப்பீட்டுச் சோதனை இல்லாத ஆய்வேட்டை நான் ஏற்க மாட்டேன்.

வேதி முறைக்கு முழுவதுமாக மாற வேண்டாம். ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டியில் குளிர்வித்த 2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு கரைசல் 30 மில்லிலிட்டரைக் கலக்கிக்கொண்டே, 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 10 மில்லிலிட்டரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தெளிந்த மஞ்சள் வந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள், நீடித்தால் திரண்டுவிடும். போரோஹைட்ரைடு எச்சம் செல்களுக்கு ஆகாது, எனவே இதையும் கழுவியாக வேண்டும். தங்கத் துகள் தேவைப்பட்டால் 1951இல் டர்கெவிச் குழுவினர் விரிவாக ஆராய்ந்த சிட்ரேட் கொதிநிலை முறை போதும். சுமார் 20 நானோமீட்டர் துகள் கிடைக்கும்.

புண்ணில் படப்போகும் பொருள் என்பதால் தோல் செல்களிலும் சோதிக்க வேண்டும். துகள்களைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் விட்டு, திரள்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள உப்பு பல துகள்களைத் திரளவைத்துவிடும். உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை ஒடுக்கி நிறம் மாற்றுவதைக் கொண்டு அவற்றை அளக்கும் எம்டிடி சோதனை செய்தால், செல்லே இல்லாத குழியிலும் துகளையும் சாற்றையும் விட்டுப் பாருங்கள். பாலிபீனால் அந்தச் சாயத்தைத் தானே ஒடுக்கி, செத்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டிவிடும்.